சிறை மீண்ட சிப்பாயும் செஞ்சோற்றுக் கடனும்

போர்முனையில் காவலில் இருந்த ஒரு சிப்பாய், மேலதிகாரியின் அனுமதியின்றித் தன் இடத்தை விட்டு அகல்கிறான். அகன்றவன் பகைவர் கையில் சிக்குகிறான். சில ஆண்டுகள் சிறையில் வாடுகிறான். பின்பு ஒரு நாள் விடுதலை பெற்றுத் தாய்நாட்டுக்குத் திரும்புகிறான். திரும்பியவன், தான் சிறையில் இருந்த காலத்துச் சம்பளத்தைக் கேட்கிறான். அரசாங்கம் அவனுக்கு என்ன விடை கூற வேண்டும்?

இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பலருக்குச் சினமே முதலில் எழும். 'ஓடிப்போனவனுக்குச் சம்பளம் ஒரு கேடா?' என்று கேட்கத் தோன்றும். அச்சினம் இயற்கையானதே. உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்து ஈடு செய்வதைச் செஞ்சோற்றுக் கடன் என்று போற்றிய மரபு நம்முடையது. ஆயினும் கடன் என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. சோறு இட்டவருக்கும் ஒரு கடன் உண்டு. அது யாது, எதுவரை செல்லும் என்பதையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது பழக்கத்தால் வந்த பிடிவாதம் என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு சொல் மாறினால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே மாறிவிடும். அனுமதியின்றி வராதிருத்தல் வேறு. படையைக் கைவிட்டு ஓடுதல் வேறு. இரண்டிலும் ஆள் இல்லை என்பதுதான் வெளித் தோற்றம். திரும்பி வரும் எண்ணம் இருந்ததா, குறித்த கடமையைத் தட்டிக் கழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. நமது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் இக்கோட்டை மிகத் தெளிவாக வரைந்திருக்கிறது. அனுமதியின்றி வராதிருந்தவருக்கு 39-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. படையைக் கைவிட்டு ஓடியவருக்கு 38-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. போர்ப்பணியில் இருக்கும்போது ஓடினால் மரண தண்டனை வரை செல்லலாம். இடையில் இருக்கும் வேறுபாடு முழுவதும் மனத்தில் நிகழ்ந்த ஒன்று. மனத்தில் நிகழ்ந்ததை விசாரணையின்றி யார் அறிவார்?

இந்தக் கேள்வியை உலகத்தின் முன் மிகக் கூர்மையாக நிறுத்திய வழக்கு ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தில் நம் நாட்டுப் படைவீரர்களும் சாட்சிகளாக இருந்தார்கள் என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

கொரிய யுத்தம் 1953-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி போர்நிறுத்த ஒப்பந்தத்தோடு ஓய்ந்தது. இருதரப்பிலும் இருந்த கைதிகளுள், தாய்நாடு திரும்ப மறுத்தவர்களை என்ன செய்வது என்பது பெருஞ்சிக்கலாக இருந்தது. அதைத் தீர்க்க நடுநிலை நாடுகளின் கமிஷன் ஒன்று அமைந்தது. சுவீடன், ஸ்விட்ஸர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா ஆகிய நாடுகளோடு இந்தியாவும் அதில் இடம் பெற்றது. இந்தியாவின் ஜெனரல் திம்மய்யா அதன் தலைவர். கைதிகளைக் காக்கும் பொறுப்பு மேஜர் ஜெனரல் தோரட்டின் தலைமையில் சென்ற இந்தியக் காவற்படையைச் சேர்ந்தது. நாடு திரும்ப மறுத்துக் காவலுக்கு வந்தவர்களுள் சீனரும் கொரியரும் 22,000-க்கு மேற்பட்டவர்கள். மறுதரப்பில் இருந்தவர்கள் சில நூறு பேரே. அச்சில நூறு பேருள் 23 பேர் அமெரிக்கச் சிப்பாய்கள்.

அந்த 23 பேரின் செயல் அமெரிக்காவைத் திகைக்க வைத்தது. காலக்கெடு முடிவதற்குள் அவர்களுள் இருவர் மனம் மாறித் தம் படையிடம் திரும்பினார்கள். ஒருவர் 1953 அக்டோபரிலும், மற்றவர் 1954 புத்தாண்டு சமயத்திலும் வந்தனர். எஞ்சிய 21 பேர் சீனாவுக்குச் செல்லத் துணிந்தனர். அமெரிக்க ராணுவம் 1954 ஜனவரியில் அவர்கள் அனைவரையும் மதிப்பிழந்த விலக்கல் என்னும் முறையில் படையிலிருந்து நீக்கிப் பெயரை அடித்துவிட்டது. விசாரணை எதுவும் நடக்கவில்லை.

பதினெட்டு மாதங்கள் கழிந்தன. 1955 ஜூலையில் அந்த 21 பேருள் மூவர் சீனாவில் இருக்கப் பிடிக்காமல் அமெரிக்காவுக்குத் திரும்பினர். அவர்கள் சான்பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியதும் ராணுவம் அவர்களைக் கைது செய்து, ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முனைந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. படையிலிருந்து விலக்கப்பட்டுக் குடிமகனாகிவிட்ட ஒருவரை, அவர் படையில் இருந்த காலத்துக் குற்றத்துக்காகக்கூட ராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பதே அத்தீர்ப்பு. மூவரையும் விடுவிப்பதைத் தவிர ராணுவத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

விடுதலையான மூவரும் அத்தோடு நிற்கவில்லை. பகைவரால் பிடிபட்ட நாள் முதல் ராணுவம் தங்களை நீக்கிய நாள் வரை தங்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்டு வழக்குத் தொடுத்தனர். இது எத்தகைய துணிவு என்று எண்ணிப் பாருங்கள்! தாய்நாடு வேண்டாம் என்று உலகம் அறியச் சொல்லிச் சென்றவர்கள், அத்தாய்நாட்டின் கஜானாவிலிருந்து சம்பளப் பாக்கி கேட்கிறார்கள்.

அரசாங்கத்தின் வாதம் எளிமையானது, பாமரருக்கும் புரியக்கூடியது. ஒப்பந்தத்தை வேண்டுமென்றே முறித்தவன், அதே ஒப்பந்தத்தின் பேரில் கூலி கேட்க முடியாது. வீடு கட்ட ஒப்புக்கொண்டவன் பாதியில் அச்சுவரையே இடித்தால், அவனுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? சிறை முகாமில் இவர்கள் பகைவருக்கு உடந்தையாக இருந்தார்கள். ஆகவே படைவீரர் என்ற பெயரில் எதையும் கேட்கும் தகுதியை இழந்தார்கள். இவ்வாதத்தைக் கீழ்க்கோர்ட்டு ஏற்று, வழக்கைத் தள்ளுபடி செய்தது.

1961-ஆம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை மாற்றியது. பெல் வழக்கு என்று சட்ட நூல்களில் வழங்கும் அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பாட்டர் ஸ்டீவர்ட். அதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். ஒருவன் படையில் சேரும்போது அவன் செய்வது வெறும் வியாபார ஒப்பந்தமன்று; அவனுடைய நிலையே மாறிவிடுகிறது. விருப்பப்பட்டபோது வேலையை விட அவனால் முடியாது. கூலி போதவில்லை என்று பேரம் பேசவும் முடியாது. ஆகவே அவனுடைய சம்பளத்தையும் வியாபார நியதிகளைக் கொண்டு அளக்கலாகாது. அதைத் தருவது சட்டம். பறிப்பதும் சட்டமாகவே இருக்க வேண்டும். பகைவரிடம் சிறைப்பட்ட சிப்பாய்க்குச் சிறைக்காலச் சம்பளம் உண்டு என்பது அமெரிக்காவில் 1814-ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் சட்டம். குற்றம் செய்தவனுடைய சம்பளத்தைப் பறிக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திக் குற்றத்தை மெய்ப்பிப்பதே அவ்வழி. ராணுவம் அதைச் செய்யவில்லை. எனவே நீக்கப்பட்ட நாள் வரைக்குமான சம்பளம் அவர்களுக்கு உரியதே என்று கோர்ட்டு முடிவு செய்தது.

இத்தீர்ப்பு அம்மூவரையும் நல்லவர்கள் என்று சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் நடத்தையைப் பற்றி அரசாங்கம் கூறியவற்றை அது பொய்யென்று தள்ளவுமில்லை. 'நீங்கள் கூறுவது அனைத்தும் மெய்யாகவே இருக்கட்டும். அதை மெய்ப்பிக்க வேண்டிய இடத்தில் மெய்ப்பித்தீர்களா?' என்ற ஒரே கேள்வியைத்தான் அது கேட்டது.

இதில் மனத்தை உறுத்தும் ஒரு முரண்பாடும் உண்டு. கெடுவுக்குள் மனம் திருந்தி வந்த இருவரை முன்பே குறிப்பிட்டேன். அவர்கள் திரும்பி வந்தபோது இன்னும் படையில் இருந்தார்கள். ஆகவே முகாமில் நடந்துகொண்ட முறைக்காக ராணுவ நீதிமன்றம் அவர்களை விசாரித்தது. ஒருவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மற்றவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை பின்னர் இருபது ஆண்டாகக் குறைக்கப்பட்டது. முன்னரே திரும்பியவர்களுக்குச் சிறை. சீனா வரை சென்று திரும்பியவர்களுக்குச் சம்பளம்! இதைக் கேட்டால் எவரும் நகைப்பர். ஆனால் இம்முரண்பாட்டை உண்டாக்கியது கோர்ட்டு அன்று. 1954 ஜனவரியில் எழுந்த சினத்தில், விசாரணைக்குக் காத்திராமல் பெயர்களை அடித்துவிட்ட அவசரமே அதற்குக் காரணம். அந்த ஒரு பேனாக் கீறலினால் ராணுவம் அவர்கள்மீது தனக்கிருந்த அதிகாரத்தைத் தானே அறுத்துக்கொண்டது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். இதே கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பின் ஆப்கானிஸ்தானத்தில் மீண்டும் தலைதூக்கியது. 2009-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, பக்திகா மாகாணத்தில் இருந்த ஒரு சிறு காவல் நிலையத்தை விட்டு போ பெர்க்டால் என்ற அமெரிக்கச் சிப்பாய் தன்னந்தனியாக வெளியேறினார். தம் படைப்பிரிவின் தலைமையில் உள்ள குறைகளை வேறொரு முகாமிலிருந்த மேலதிகாரியிடம் முறையிடவே புறப்பட்டதாக அவர் பின்னர் கூறினார். சில மணி நேரத்துக்குள் பகைவர் அவரைப் பிடித்துக்கொண்டனர். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் சிறைப்பட்டிருந்தார். தப்ப முயன்றார், பிடிபட்டார், கூண்டில் அடைபட்டார். 2014 மே 31-ஆம் தேதி, குவாண்டனாமோவில் இருந்த ஐந்து தாலிபான் கைதிகளுக்கு ஈடாக அவர் மீட்கப்பட்டார்.

அவருடைய கதையில் இரண்டு செய்திகளைச் சேர்த்தே எண்ண வேண்டும். ஒன்று, அவரைத் தேடிச் சென்றவர்கள் பட்ட துன்பம். ஒரு படைவீரர் தலையில் குண்டு பாய்ந்து, பேச்சும் நடையும் இழந்து, பத்தாண்டுகள் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கிடந்து 2019-இல் மறைந்தார். மற்றொன்று, இவரைப் படையில் சேர்த்தவர்களின் பொறுப்பு. 2006-இல் கடலோரக் காவற்படையின் பயிற்சியிலிருந்து மனநிலைக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவர் இவர். அதை அறிந்திருந்தும், விதிவிலக்கு அளித்து 2008-இல் தரைப்படை இவரைச் சேர்த்துக்கொண்டது.

இம்முறை ராணுவம் அவசரப்படவில்லை. சிறையில் இருந்த காலத்தில் வழக்கமான பதவி உயர்வுகளைக்கூட அவருக்கு அளித்தது. அவர் திரும்பிய பின் விசாரணை நடத்தியது. 2017 அக்டோபரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நவம்பரில் தீர்ப்பு வந்தது. சிறை இல்லை, பதவிக் குறைப்பு, மாதம் 1,000 டாலராகப் பத்து மாதச் சம்பள இழப்பு, மதிப்பிழந்த விலக்கல் ஆகியவையே தண்டனை. அத்தண்டனை மிகக் குறைவு என்று பலர் கொதித்தனர். 2023 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் ஒன்று அத்தீர்ப்பை ரத்து செய்தது. குற்றம் நிகழவில்லை என்பது அதற்குக் காரணமன்று. வழக்கை விசாரித்த ராணுவ நீதிபதி, நீதித்துறை அமைச்சகத்தின்கீழ் ஒரு பதவிக்கு மனுச் செய்திருந்ததை வெளியிடாமல் இருந்துவிட்டார் என்பதே காரணம்.

சிறைக்காலச் சம்பளத்தைப் பொறுத்தவரை இன்றைய அமெரிக்கச் சட்டம் ஒரு சூத்திரத்தை வகுத்திருக்கிறது. காணாமற்போனவர், சிறைப்பட்டவர் ஆகியோரின் கணக்கில் சம்பளம் தொடர்ந்து சேரும். ஆனால் அவர் அனுமதியின்றித் தம் இடத்தை விட்டு அகன்றிருந்தார் என்று முறைப்படி தீர்மானிக்கப்பட்டால், அக்காலத்துக்குச் சேர்ந்த தொகையை அவர் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். 'முறைப்படி தீர்மானிக்கப்பட்டால்' என்னும் நிபந்தனையில்தான் பெல் வழக்கின் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதை அதன் முழு வலிமையோடு எடுத்து வைப்பதே நேர்மை. 'விசாரணை, முறை என்றெல்லாம் பேசுகிறீர்கள். அதே காவல் நிலையத்தில், அதே பயத்தோடும் அதே பசியோடும், இடத்தை விட்டு அசையாமல் நின்றவனை எண்ணிப் பார்த்தீர்களா? தலையில் குண்டு பாய்ந்தவனின் மனைவியிடம் போய், ஓடிப்போனவனுக்கும் சம்பளம் உண்டு என்று உங்களால் சொல்ல முடியுமா? நின்றவனுக்கும் ஓடியவனுக்கும் ஒரே கூலி என்றால், நாளை யார் நிற்பார்கள்?'

இவ்வாதத்தை நான் இலேசாக ஒதுக்கவில்லை. படையின் உயிர் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையில் இருக்கிறது. அதைக் குலைத்தவனுக்குத் தண்டனை வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் அவன் சம்பளத்தை இழப்பதும் நியாயமே. என்னுடைய கருத்து ஒன்றுதான்: மூன்று கணக்குகளை ஒன்றாகக் கலக்கக் கூடாது.

முதற் கணக்கு, மீட்பும் மருத்துவமும். தன் சீருடை அணிந்த ஒருவனைப் பகைவர் கையிலிருந்து மீட்பதும், நோயுற்றவனுக்கு மருந்து கொடுப்பதும் அவனுடைய தகுதியைப் பார்த்துச் செய்பவை அல்ல. குற்றவாளியாகவே இருந்தாலும் அவன் நம் குற்றவாளி, அவனை விசாரிக்க வேண்டியவர்கள் நாம், பகைவரல்லர்.

இரண்டாம் கணக்கு, சம்பளம். இது சட்டம் தருவது; சட்டப்படி குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை நிறுத்தி வைக்கலாம்; மெய்ப்பித்தபின் பறிக்கலாம். வதந்தியின் பேரிலோ, செய்தித்தாள்களின் சினத்தின் பேரிலோ பறிக்கலாகாது.

மூன்றாம் கணக்கு, மரியாதை. பதக்கம், பென்ஷன், முன்னாள் வீரருக்குரிய சலுகைகள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்கு நல்ல முறையில் பணி முடித்தல் நிபந்தனையாக இருப்பது முறைதான். நம் நாட்டிலும் டிஸ்மிஸ் செய்யப்பட்டவருக்குச் சாதாரணமாகப் பென்ஷன் இல்லை. நின்றவனுக்கும் ஓடியவனுக்கும் உள்ள வேறுபாட்டை நாடு காட்ட வேண்டிய இடம் இதுவே. அமெரிக்கச் சட்டமும் படையைக் கைவிட்டு ஓடியதற்காக விலக்கப்பட்டவருக்கு முன்னாள் வீரர் சலுகைகளை மறுக்கிறது. ஆனால் செயலின்போது அவர் சித்தம் கலங்கியிருந்தார் என்று தெரிந்தால் விலக்கு அளிக்கிறது. கண்டிப்பும் கருணையும் ஒரே விதியில் அமைந்திருப்பதைக் காண்கிறோம்.

நம் ராணுவச் சட்டமும் இவ்விஷயத்தில் நிதானம் காட்டுகிறது. பகைவரிடம் சிக்கிய விதத்தைப் பற்றியோ, சிறையில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியோ விசாரணை நடக்க வேண்டியிருந்தால், அதன் முடிவு தெரியும் வரை அவருடைய சம்பளம் முழுவதையுமோ ஒரு பகுதியையோ நிறுத்தி வைக்க 96-ஆம் பிரிவு இடம் தருகிறது. நிறுத்தி வைத்தல் என்றுதான் அது சொல்கிறது. பறித்தல் என்று சொல்லவில்லை. போர்க்கைதியையோ காணாமற்போனவரையோ நம்பி வாழ்பவர்களுக்கு உரிய வழி செய்யலாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. கைதியின் குற்றம் எதுவாயினும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் மறக்கவில்லை.

இவ்வளவு நிதானம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையே சான்றாகக் கூறுவேன். 1999-ஆம் ஆண்டு கார்கில் போர்க் காலத்தில் ஒரு சிப்பாய் காணாமற்போனார். ஒருவர் அனுமதியின்றி முப்பது நாள் வராதிருந்தால், விசாரணைக் குழு அமைத்து அதைப் பதிவு செய்யலாம் என்பது 106-ஆம் பிரிவு. பின்னரும் அவர் சரணடையாமலோ பிடிபடாமலோ இருந்தால் படையைக் கைவிட்டு ஓடியவராகவே கருதப்படுவார். அச்சிப்பாயையும் ஓடிப்போனவர் என்றே ராணுவம் அறிவித்தது. ஆனால் அவர் ஓடவில்லை, பாகிஸ்தானில் சிறைப்பட்டிருந்தார். 2004-ஆம் ஆண்டில் நாடு திரும்பினார். இடையில் கழிந்த ஆண்டுகளில், 'ஓடிப்போனவன் வீடு' என்ற சொல்லை அவருடைய வீட்டார் எப்படித் தாங்கியிருப்பர் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். காகிதத்தில் எழுதிய ஒரு சொல், எல்லைக்கு அப்பால் பூட்டியிருந்த கதவைவிடக் கனமாக இருந்திருக்கும்.

சங்க காலத்து முதியவள் ஒருத்தியைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. மகன் போர்க்களத்தில் புறங்காட்டி மாண்டான் என்று ஊரார் சொன்னார்கள். அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று அவள் வாளோடு புறப்பட்டாள். அவளுடைய மறத்தையே நாம் காலங்காலமாகப் புகழ்ந்து வருகிறோம். அவள் செய்த மற்றொன்றை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. ஊர்ப் பேச்சைக் கேட்டதோடு அவள் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. செங்களம் முழுவதும் பிணங்களைப் புரட்டிப் பார்த்தாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டாள். அவன் புறங்காட்டவில்லை என்பதைத் தன் கண்ணாலேயே அறிந்தாள். அதற்குப் பின்னரே அவள் நெஞ்சு ஆறியது. சினம் எவ்வளவு பெரிதாக இருந்தபோதிலும், களத்துக்குச் சென்று பார்க்கும் பொறுமை அவளிடம் இருந்தது. ஒரு தாய்க்கு இருந்த அப்பொறுமை ஓர் அரசாங்கத்துக்கு இல்லாமற் போகலாமா?

ஆகவே, சிறை மீண்ட சிப்பாய்க்குச் சம்பளம் உண்டா என்ற கேள்விக்கு என் விடை இது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத வரை உண்டு. மெய்ப்பிக்கப்பட்டால், சட்டம் சொல்லும் அளவுக்கு அவன் இழக்கட்டும். மரியாதையும் சலுகையும் நின்றவர்களுக்கே உரியவையாக இருக்கட்டும். ஆனால் விசாரித்துத் தண்டிக்க வேண்டியவனை விசாரிக்காமல் விட்டுவிட்டு, பிறகு கஜானாவின் கதவைச் சாத்தித் தண்டிக்க முயல்வது நீதியும் ஆகாது. வீரத்துக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. உயிரைக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டென்றால், கணக்கை நேராக வைத்திருக்கும் கடமையும் அதற்கு உண்டு. சோறிட்டவர் தீர்க்க வேண்டிய கடன் அதுவே.